மோதலில் இறுகும் பொருள்கள்: இருசக்கர வாகனப் பாதுகாப்பு உடையும் கம்பம் பள்ளத்தாக்கும்

மெதுவாக அழுத்தினால் களிமண்போல வளைந்துகொடுத்து, திடீரென அடித்தால் இறுகி, அடி ஓய்ந்ததும் மறுபடி இளகிவிடும் பொருள்கள் மோதல் தாங்கும் திறன்மிகு பொருள்கள் எனப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை பல்லுறுப்பிகள். இருசக்கர வாகன ஓட்டிகள் அணியும் மேற்சட்டை, காற்சட்டை, கையுறை ஆகியவற்றில் தோள், முழங்கை, முதுகு, இடுப்பு, முழங்கால் வரும் இடங்களில் இவற்றாலான மெத்தைத் துண்டுகள் செருகப்படுகின்றன. கடைகளில் இவற்றை ‘ஆர்மர்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். இக்கட்டுரையில் காப்புத்துண்டு என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது.

இப்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு போன்ற ஓரிடத்தில் அவை எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை இங்கே காணலாம்.

பள்ளத்தாக்கின் சாலைகள்

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தில் வண்டி ஓட்டுபவர் ஒரே நாளில் மூன்று விதமான சாலைகளைச் சந்திக்க நேரும். முதலாவது, தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை. சமதளத்தில் ஓடும் இச்சாலையில் லாரி, பேருந்து, தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் எல்லாம் வேகமாகப் போகின்றன. இரண்டாவது, மலைச்சாலைகள். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளும், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 வளைவுகளும் உள்ளன. கம்பம்மெட்டுச் சாலையும், லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையும் இவ்வகையே. மூன்றாவது, திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைத் தோப்புக்கும் வயலுக்கும் போகும் மண்பாதைகள்.

காப்புத்துண்டு வைத்த உடையை அணிபவர்கள் பெரும்பாலும் மூணாறுக்கும் மேகமலைக்கும் சுற்றுலா செல்லும் இளைஞர்களே. வாழைத்தாரையோ பால் கேனையோ எக்ஸ்எல் வண்டியில் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிப் போகும் விவசாயியிடம் இது இருக்காது. ஆனால் சாலையில் காயப்போட்ட தானியத்திலோ, குறுக்கே ஓடிவரும் நாயாலோ சறுக்கி விழும் வாய்ப்பு அவருக்கே தினமும் இருக்கிறது. அவர் விழும் விதமும், கீழே சொல்லப்போவதுபோல, இப்பொருள்கள் நன்றாக வேலை செய்யும் வகையைச் சேர்ந்ததே.

நிற்கும் தூரம்

விழுபவரைக் காயப்படுத்துவது வேகம் மட்டுமல்ல, அந்த வேகம் எவ்வளவு குறுகிய தூரத்துக்குள் அடங்குகிறது என்பதும்தான். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. விழுந்த உயரத்தை, மோதிய பின் நிற்கும் தூரத்தால் வகுத்தால், உடல் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல எத்தனை மடங்கு அதிர்வைத் தாங்குகிறது என்பது ஏறத்தாழக் கிடைக்கும்.

வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வண்டி நின்ற நிலையிலேயே அவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்கூடத் தலை மணிக்குச் சுமார் 19 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். வெறும் தலை தார்ச்சாலையில் 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் அதிர்வு 1,500 மடங்கு. 1 சென்டிமீட்டர் கிடைத்தால் 150 மடங்கு. 3 சென்டிமீட்டர் கிடைத்தால் 50 மடங்கு. தலைக்கவசத்துக்குள் இருக்கும் தெர்மாகோல் செய்யும் வேலை இந்தச் சில சென்டிமீட்டரை வாங்கிக் கொடுப்பதுதான். அது நசுங்குகிறது, நசுங்க நசுங்கத் தலை மெல்ல நிற்கிறது. நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது. ஒருமுறை பலமாக மோதிய தலைக்கவசம், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தன் வேலையை முடித்துவிட்டது.

அப்படியானால் மென்மையான எதை வைத்தாலும் போதாதா? போடி இலவம் பஞ்சுக்குப் பெயர்போன ஊர். அங்கே தைத்த தலையணையை முழங்காலில் கட்டிக்கொண்டால் என்ன? பஞ்சு தொடக்கத்தில் எந்த எதிர்ப்பும் காட்டாமல் ஒடுங்கிவிடும். முழுதும் ஒடுங்கியபின், முழங்கால் ஏறத்தாழ முழு வேகத்தோடு தரையைச் சந்திக்கும். தச்சர் பலகையைக் கட்டிக்கொண்டால் எதிர்மாறான சிக்கல்: பலகை ஒடுங்காது, விசை அப்படியே எலும்புக்குப் போகும். வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்று. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஏறத்தாழ ஒரே விசையோடு எதிர்த்துக்கொண்டே ஒடுங்க வேண்டும். அதே துண்டு நடக்கும்போதும் உட்காரும்போதும் முழங்காலோடு மடங்கவும் வேண்டும். பழைய வகைக் காப்புகளில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடும் உள்ளே நுரையும் இருந்தன. அவை அடியைத் தாங்கின, ஆனால் பருமனாகவும் மடங்காமலும் இருந்ததால் பலர் கழற்றி வைத்துவிட்டார்கள். திறன்மிகு பொருள் வந்தது இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான்.

இறுகுவது எப்படி

கார்ன் ஃப்ளவர் எனக் கடையில் விற்கும் மக்காச்சோள மாவு இரண்டு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். விரலை மெதுவாக விட்டால் கூழில் இறங்குவதுபோல இறங்கும். முஷ்டியால் குத்தினால் கல்லில் பட்டதுபோல நிற்கும். இதைக் கோதுமை மாவிலோ மைதாவிலோ செய்ய முடியாது. மக்காச்சோள மாவின் நுண்துகள்கள் நீரில் கரையாமல் நெருக்கமாக மிதக்கின்றன. மெதுவாகத் தள்ளினால் அவை ஒன்றையொன்று விலகி வழி விடுகின்றன. வேகமாகத் தள்ளினால் இடையிலுள்ள நீர் விலகப் போதிய நேரமின்றித் துகள்கள் ஒன்றோடொன்று முட்டிச் சிக்கிக்கொள்கின்றன.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் நடந்தவர்களுக்கு இது புரியும். நிதானமாக நடந்தால் கூட்டம் விலகும். ஓடினால் அதே கூட்டம் சுவராகிவிடும்.

நியூட்டன் விளக்கிய எளிய பாய்மங்களில், எவ்வளவு வேகமாகக் கிளறினாலும் பாகுத்தன்மை மாறாது. சோளமாவுக் கலவை அந்த விதியை மீறுவதால் நியூட்டனியமல்லாப் பாய்மம் எனப்படுகிறது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் நார்மன் வாக்னரும் அந்நாட்டு இராணுவ ஆய்வுக்கூடமும் இதே கொள்கையில், சோளமாவுக்குப் பதில் சிலிக்கா நுண்துகள்களைப் பயன்படுத்திய பாய்மத்தைக் கெவ்லர் துணியில் ஊறவைத்துக் காப்பாடை ஆய்வுகளைச் செய்தனர்.

இருசக்கர உடைகளில் அதிகம் பேசப்படும் டி3ஓ என்ற பொருள் வேறு வழியில் அதே விளைவைத் தருகிறது. அதன் வேர் 1943க்குப் போகிறது. போர்க்காலத்தில் செயற்கை ரப்பரைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ரைட், சிலிக்கோன் எண்ணெயுடன் போரிக் அமிலத்தைச் சேர்த்தபோது விசித்திரமான பிசின் ஒன்று கிடைத்தது. உருட்டிப் போட்டால் துள்ளியது, மெதுவாக இழுத்தால் நீண்டது, வெடுக்கென இழுத்தால் அறுந்தது, சும்மா விட்டால் குளம்போலப் பரவியது. தொழிலுக்கு உதவாத அது பின்னர் சில்லி புட்டி என்ற பெயரில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக விற்றது.

இப்பிசினில் நீண்ட சிலிக்கோன் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள போரான் அணுக்கள் பக்கத்துச் சங்கிலியின் ஆக்சிஜனோடு தற்காலிகப் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கின்றன. இந்தப் பிணைப்புகள் இடைவிடாமல் அவிழ்ந்தும் மீண்டும் முடிந்தும் வருகின்றன. மெதுவாக வளைத்தால், அவிழ நேரம் கிடைக்கிறது, சங்கிலிகள் நழுவுகின்றன. அடி சில மில்லிநொடிகளில் வந்தால் அவிழ நேரமில்லை. எல்லா முடிச்சுகளும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள, பொருள் கெட்டியான ரப்பர்போல நடந்துகொள்கிறது. ஆக, இங்கே துகள் நெரிசல் இல்லை, முடிச்சின் நேரம்தான் எல்லாம்.

பனிச்சறுக்கில் ஆர்வமுள்ள ரிச்சர்ட் பால்மர் என்ற பிரித்தானியர் 1999இல் தொடங்கிய நிறுவனம் இவ்வகைப் பிசினைப் பாலியூரித்தேன் நுரைக்குள் கலந்து, ஓடிவிடாமல் வடிவம் காக்கும் துண்டாக்கியது. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடியச் சறுக்கு வீரர்களின் உடைகளில் அது இடம்பெற்றபோது உலகம் கவனித்தது. அதன்பின் மோட்டார் சைக்கிள் உடைகளுக்கு வந்தது. ஜெர்மனியின் சாஸ்-டெக் போன்றவை போரான் பிசின் இல்லாமலே, மெதுவாக மீளும் பாலியூரித்தேன் நுரையைக் கொண்டு இதே வேலையைச் செய்கின்றன. உடற்சூட்டில் சற்று இளகி முழங்காலின் வடிவத்துக்கு அமர்ந்துகொள்வது இவற்றின் வசதி.

பக்கவாட்டில் இழுத்தால் மெலியாமல் தடிக்கும் ஆக்செடிக் நுரைகளும் ஆய்வில் உள்ளன. ரோடெரிக் லேக்ஸ் 1987இல் இத்தகைய நுரையைச் செய்து காட்டினார். அடிபடும் இடத்தை நோக்கிப் பொருள் தானே திரண்டு வருவது இதன் சிறப்பு. கடை உடைகளில் இதை அரிதாகவே காணலாம்.

முத்திரையும் எண்களும்

காப்புத்துண்டின் தரத்துக்கு உலகம் பெரிதும் பின்பற்றுவது ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1621. இந்தியாவில் விற்கும் நல்ல உடைகளிலும் இந்த எண்ணே அச்சிடப்பட்டிருக்கும். சோதனை எளிமையானது. எஃகு அடைகல்லின்மேல் காப்புத்துண்டை வைத்து, 5 கிலோ எடையை ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்கிறார்கள். அதாவது 50 ஜூல் ஆற்றல். துண்டைத் தாண்டி அடைகல்லுக்கு எவ்வளவு விசை வந்தது என்று அளக்கிறார்கள். கை, கால் காப்புகளில் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 20க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. முதுகுக் காப்புக்கு இந்த அளவுகள் 18, 9 எனக் கடுமையாகின்றன.

35 கிலோநியூட்டன் என்பது சுமார் மூன்றரை டன் எடைக்குச் சமம். மனித எலும்பு அதைவிட மிகக் குறைந்த விசையில் உடையும். ஆய்வகத்தில் அடியில் இருப்பது அசையாத எஃகு, உடலில் இருப்பது சதையும் மடங்கும் மூட்டும். ஆகவே இந்த எண்ணை எலும்பின் வலிமையோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. இரண்டு துண்டுகளில் எது நல்லது என்று ஒப்பிட மட்டுமே அது பயன்படும். 35க்கும் 20க்கும் உள்ள வேறுபாடு பெரியது. விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டாம் நிலையை வாங்குவதே சரி.

எவ்வளவு திறன்மிக்க பொருளாலும் மாற்ற முடியாத ஒன்று தடிமன். 50 ஜூல் ஆற்றலை 1 சென்டிமீட்டருக்குள் அடக்க வேண்டுமானால், துளிகூட வீணாகாமல் எதிர்க்கும் கற்பனைப் பொருளுக்குக்கூடச் சராசரியாக 5 கிலோநியூட்டன் தேவை. 5 மில்லிமீட்டருக்குள் என்றால் அது 10 ஆகிவிடும். காகிதம்போல மெலிந்து, ஆனால் எல்லா அடியையும் தாங்கும் என்று சொல்லும் விளம்பரத்தை இந்தக் கணக்கை வைத்தே ஒதுக்கிவிடலாம்.

வெயிலும் மலைக்குளிரும்

பிணைப்புகள் அவிழும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. சூடு ஏற ஏற அவை விரைவாக அவிழும். அடி வரும் வேகம் மாறாமலிருக்க, பொருள் மட்டும் இளகிவிடும். குளிர்ந்தால் நேர்மாறு. சாதாரண நேரத்திலேயே விறைப்பாகி, அடியை மெத்தென்று வாங்காமல் பலகைபோலக் கடத்தத் தொடங்கும். எல்லா நுரைகளிலும் இது ஓரளவு உண்டு. வேகத்துக்கு ஏற்ப மாறுவதையே வேலையாகக் கொண்ட பொருளில் இது கூடுதலாகத் தெரியும்.

குளிர்நாட்டுப் பனிச்சறுக்குக்காகப் பிறந்த ஒன்றைச் சித்திரை வெயிலில் கம்பத்தில் அணிபவர் இதைக் கவனிக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்பு இருக்கையில் உட்கார்ந்து துள்ளி எழுந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அந்த இருக்கைமேல் ஒரு மணி நேரம் கிடந்த கறுப்புச் சட்டையின் தோள் துண்டும் அதே சூட்டில்தான் இருக்கும். இஎன் 1621இல் அறை வெப்பநிலையிலும் ஈரத்திலும் நடக்கும் சோதனைகள் கட்டாயம். 40 டிகிரி செல்சியஸிலும் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியிலும் நடத்துபவை விருப்பத் தேர்வு. அவற்றில் தேறிய துண்டில் ‘டி’ எழுத்தோடு முறையே கூட்டல் குறியும் கழித்தல் குறியும் பொறிக்கப்படும். நம் ஊருக்குக் கூட்டல் குறியே முக்கியம், ஆனால் வாங்குபவர்களில் அதைத் தேடிப் பார்ப்பவர் மிகக் குறைவு. சட்டையை வெயிலில் போடாமல் நிழலில் தொங்கவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுபவர் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்கிறார். கீழே வியர்த்து வழிந்தவர் மேலே மூடுபனியில் நடுங்குவார். உடலோடு ஒட்டியிருக்கும் காப்புத்துண்டு உடற்சூட்டால் ஓரளவு காக்கப்படும். இந்த மலைகளின் குளிர் ஐரோப்பியக் குளிர்காலம் அல்ல என்பதால் விறைப்பு இங்கே பெரிய கவலையில்லை. வியர்வையும் ஈரமும்தான் நீண்டகாலக் கவலை. பாலியூரித்தேன் வகைகள் சில சூட்டிலும் ஈரத்திலும் ஆண்டுகள் போகப்போக நீராற்பகுப்பால் சிதையும். அழுத்தினால் பொடியாக உதிரும், பிசுபிசுக்கும், விரிசல் விடும் துண்டை மாற்றிவிட வேண்டும்.

வெப்பம் மறைமுகமாகச் செய்யும் கேடு இன்னும் பெரியது: உடையையே அணியவிடாமல் செய்வது. அதனால் இப்பகுதிக்கு முழுத் துணிச் சட்டையைவிட வலைத்துணிச் சட்டை பொருந்தும். காப்புத்துண்டுகளிலேயே துளைகள் விட்டுக் காற்று புகச் செய்யும் வடிவங்களும் உள்ளன. திறன்மிகு பொருளின் உண்மையான பயனை இங்கேதான் பார்க்கிறேன். அது பழைய பிளாஸ்டிக் ஓட்டைவிட எத்தனை மடங்கு அடி தாங்குகிறது என்பது இரண்டாவது கேள்வி. மடங்கும், உறுத்தாது, காற்று விடும் என்பதால் வெயில் நாட்டுக்காரர் அதைக் கழற்றாமல் இருப்பார்.

எந்த விபத்தில் உதவும்

70 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றல் சுமார் 690 ஜூல். அதே ஆள் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகையில் அவரிடமுள்ள இயக்க ஆற்றல் சுமார் 2,400 ஜூல். 60 கி.மீ. வேகத்தில் 9,700 ஜூல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

இந்த எண்களைப் பார்த்தால் 50 ஜூலுக்குச் சோதித்த துண்டு என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் வழுக்கி விழுபவர் தரையை மோதும் வேகம் வண்டியின் வேகமல்ல, விழுந்த உயரத்தால் வருவது. மணிக்கு 30 கி.மீ.யில் விழுந்தாலும் 60இல் விழுந்தாலும் முழங்கால் தரையில் இடிக்கும் பலம் ஏறத்தாழ ஒன்றே. மீதி ஆற்றல் தரையில் தேய்ந்து சறுக்குவதில் தீர்கிறது. அந்தத் தேய்ப்பைத் தாங்குவது காப்புத்துண்டு அல்ல, அதைச் சுற்றியுள்ள தோலும் கனத்த துணியும். தையல் பிரிந்தால் காப்புத்துண்டு நழுவிப் போய்விடும், பின்னர் அது எத்தனை திறன்மிக்கதாக இருந்தும் பயனில்லை.

ஆக, கொண்டை ஊசி வளைவில் மணல் சறுக்கி விழுபவருக்கும், மண்பாதையில் பள்ளத்தில் விழும் எக்ஸ்எல் ஓட்டிக்கும் இப்பொருள்கள் நன்றாக உதவும். நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியிலோ, வளைவின் தடுப்புச் சுவரிலோ நேராக மோதினால் முழு இயக்க ஆற்றலும் ஒரே இடத்தில் இறங்கும். அதைத் தாங்கும் காப்புத்துண்டு எதுவும் கிடையாது.

ஆஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளான 212 ஓட்டிகளை ஆராய்ந்து லிஸ் டி ரோம் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்துகிறது. மோட்டார் சைக்கிளுக்கென்றே தைத்த மேற்சட்டை அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு 21 விழுக்காடும், காற்சட்டை அணிந்தவர்களுக்கு 51 விழுக்காடும், கையுறை அணிந்தவர்களுக்கு 59 விழுக்காடும் குறைவாக இருந்தது. கூடவே, விபத்தில் ஏறத்தாழப் பத்தில் மூன்று மேற்சட்டைகள் கிழிந்தோ பிரிந்தோ போனதையும் அவர்கள் பதிவு செய்தனர். விலை குறைந்த கையுறைக்கு இவ்வளவு பலன் கிடைப்பதை நம் ஊரில் கவனிப்பாரில்லை. விழுபவர் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான்.

பந்தய வீரர்கள் இன்னொரு படி மேலே போய்விட்டார்கள். 2018 முதல் மோட்டோ ஜிபி போட்டிகளில் காற்றுப்பை கொண்ட உடை கட்டாயம். உடையிலுள்ள முடுக்க உணரிகள் ஓட்டி தூக்கி எறியப்படுவதை உணர்ந்து, அவர் தரையைத் தொடும் முன்பே பையை ஊதிவிடுகின்றன. நிற்கும் தூரத்தைச் சில மில்லிமீட்டரிலிருந்து பல சென்டிமீட்டராக்குவதால் இது எந்த நுரையையும் விஞ்சும். விலை மட்டும் ஒரு எக்ஸ்எல் வண்டியோடு போட்டி போடும்.

தலைக்கவசம்

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். அவ்வாண்டு அதிக விபத்துகள், 64,105, நடந்த மாநிலம் தமிழ்நாடு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இது தீவிரமாக நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கரத் தலைக்கவசத்தை விற்பதே குற்றம். ஆயினும் சாலையோரத்தில் போலி முத்திரையோடு விற்பவை உண்டு. உள்ளே கைவிட்டுப் பார்த்தால் தெரியும்: கெட்டியான தெர்மாகோல் அடுக்குக்குப் பதில் மெல்லிய பஞ்சும் துணியும் இருக்கும். மேலே சொன்ன நிற்கும் தூரக் கணக்குப்படி அது வெறும் பிளாஸ்டிக் தொப்பி.

காப்புத்துண்டு வைத்த சட்டை வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர் முதலில் நல்ல தலைக்கவசமும், பின்னால் உட்காருபவருக்கு இன்னொன்றும், அடுத்து ஒரு சோடிக் கையுறையும் வாங்கலாம். சட்டை வாங்கும்போது அதை அணிந்து, வண்டியில் உட்கார்ந்து, கைப்பிடியை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் முழங்கையில் சரியாக அமர்ந்த துண்டு கையை நீட்டியதும் மேலேறிவிட்டால் ஓர் அளவு சிறிய சட்டையைக் கேட்கலாம், அல்லது கைப்பட்டையை இறுக்கிப் பார்க்கலாம்.